வில்லாபுரத்துக்கு நைட்டி கொண்டுவந்த அக்கா

எங்கள் காம்பவுண்டில் காலையில் அடிகுழாய்க்கு வருகிற பெண்கள் ஆளுக்கொரு செய்தியோடு வருவார்கள். ரேஷனில் பாமாயில் வந்திருக்கிறது, எதிர்வீட்டில் சண்டை, தியேட்டரில் படம் மாறிவிட்டது, இப்படி. மூன்றாம் வீட்டு அக்கா மட்டும் தான் செய்த தப்பு ஒன்றைக் கொண்டுவருவார்.

"நேத்து நான் பண்ணுன கூத்தைக் கேளுங்க" என்று குடத்தைத் தரையில் வைப்பார். பம்ப்படியில் பேச்சு நின்றுவிடும். குடம் நிறைந்தவர்கள்கூட இடுப்பில் ஏற்றிக்கொண்டு அப்படியே நிற்பார்கள். சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். கண்ணில் தண்ணீர் வழியும். பக்கத்தில் நிற்பவரின் தோளில் ஓங்கி ஒரு அடி விழும். நான் அந்த இடத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்வேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி நான் வில்லாபுரத்துக்கு வந்த புதிது. டவுனில் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. நாளெல்லாம் அடுத்தவர்களின் பேச்சை இணைத்துவிட்டுக் காது புளித்துப்போய் வருகிற எனக்கு, இந்த அக்காவின் பேச்சை மட்டும் எத்தனை கேட்டாலும் அலுக்காது. உயரமான உருவம், எட்டுக்கல் மூக்குத்தி, தெருக்கோடி வரை கேட்கிற குரல். வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். அவர் பேசி நாங்கள் கேட்டது குறைவு. வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் அக்காவே பேசிவிடுவார்.

அக்காவுக்கு ஏதாவது ஒரு வியாபாரம் செய்தே ஆகவேண்டும். நான் வந்தபோது எலுமிச்சை ஊறுகாய் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். ருசி என்றால் அப்படியொரு ருசி. ருசி தெரிந்தால்தானே வாங்குவார்கள் என்று தெரு முழுக்க வீடு வீடாகப் போய்க் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தார். பிறகு ஒருவரும் வாங்க வரவில்லை. காரணம் கேட்கப் போனவர் அன்றே பம்ப்படியில் அறிக்கை கொடுத்தார்.

"ருசி பாக்கக் குடுத்ததே அவுகளுக்கு இன்னும் தீரலயாம். தீந்ததும் சொல்லி விடுறோம்கிறாங்க. விரல் நுனியில தொட்டு வைக்க வேண்டியதை நான் கரண்டியில அள்ளி வச்சுட்டேன்."

அடுத்தது பிளாஸ்டிக் ஒயர் கூடை. அதில் கை தேர்ந்தவர். பச்சையும் மஞ்சளுமாகக் கட்டம் போட்டுப் பின்னிய கூடையை வாசலில் தொங்கவிட்டிருந்தார். பார்த்துவிட்டு யாராவது "எப்படிக்கா போடுறீங்க இந்த முடிச்சை?" என்று கேட்டால் போதும், உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துவிடுவார். ஆடி மாதம் முடிவதற்குள் காம்பவுண்டில் எல்லாப் பெண்களும் கூடை பின்னினார்கள். வில்லாபுரம் மார்க்கெட்டுக்குப் போகிற கைகளில் எல்லாம் அக்காவின் கட்டம் தெரிந்தது. அக்காவின் வாசலில் தொங்கிய கூடைகள் மட்டும் அப்படியே தொங்கின.

"வாங்க வந்தவளையெல்லாம் வாத்தியாராக்கி விட்டுட்டேன்" என்று சொல்லி அன்று அவர் சிரித்த சிரிப்பில் பம்ப் அடித்துக்கொண்டிருந்த பெண் கைப்பிடியை விட்டுவிட்டாள்.

நைட்டி வந்தது ஆஸ்பத்திரியிலிருந்து. பிரசவமான சொந்தக்காரப் பெண்ணைப் பார்க்கப் போன அக்கா, பின்பக்கம் நர்சுகள் தங்கும் விடுதியில் கேரளத்துப் பெண்கள் கழுத்திலிருந்து கால்வரை ஒரே துணியாகப் போட்டுக்கொண்டு மாடியில் தலை உலர்த்துவதைப் பார்த்திருக்கிறார். வில்லாபுரத்தில் அப்போது யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. உள்ளே போய் ஒரு நர்சிடம் பேசிச் சிநேகம் பிடித்து, அவளுடைய நைட்டி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு நேராகக் காஜிமார் தெருப் பக்கம் போனார். அங்கே ஒரு சந்தில் மைமூன் அக்கா தையல் மிஷின் வைத்திருந்தார். பாவாடை, ரவிக்கை தைப்பவர். கணவர் இல்லை. சொல்லப்போனால் அந்த மிஷின்தான் அந்தக் குடும்பத்தின் ஆண்பிள்ளை. நைட்டியைப் பிரித்துப் பார்த்து அளவெடுத்துக்கொண்டு, "தைக்கிறது ஒண்ணும் பெரிய வேலையில்ல. விக்கிறது உன்பாடு" என்றாராம்.

விற்பது என் பாடு என்று அக்கா மெயின் ரோட்டில் ஒற்றைக் கதவுக் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். மைமூன் அக்காவும் அவரை நம்பி இன்னொரு மிஷின் வாங்கிப் போட்டுத் தங்கை மகளையும் தைக்க உட்காரவைத்தார்.

கடை திறந்த வாரத்தில் நடந்ததுதான் மைக் செட் சங்கதி. சைக்கிள் ரிக்‌ஷாவில் குழாய் கட்டி, சினிமாவுக்கும் சர்க்கஸுக்கும் சத்தம் போடுகிற அண்ணன் ஒருவரைப் பிடித்துவந்தார். நல்ல கணீர்க் குரல் அவருக்கு. நைட்டி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ராத்திரியில் போடுவது என்று அக்கா சொல்லியிருக்கிறார். மற்றதை அவராகவே கற்பனை செய்துகொண்டார்.

"அன்பார்ந்த தாய்மார்களே, உங்கள் இரவுகளை இன்பமாக்க வில்லாபுரம் நகருக்கு வருகை தந்திருக்கிறது நைட்டி."

ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ரிக்‌ஷாவுக்குப் பின்னால் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டே நடந்துவந்த அக்காவை ஒரு பெரியவர் நிறுத்தினார்.

"ஏத்தா, இது எந்தத் தியேட்டர்ல ஓடுது?"

"படமில்ல ஐயா. துணி."

"துணியா? அதுக்கா இம்புட்டு அசிங்கமாக் கத்துறான்?"

நோட்டீஸிலும் கோளாறு. காற்றோட்டம், கண்ணியம், கண்கவர் வண்ணம் என்று அடுக்குமொழியில் பாராட்டி எழுதி, நான்கு பக்கமும் பூக்கொடி போட்டு அச்சடித்திருந்தார். கடை எங்கே இருக்கிறது என்பது மட்டும் அதில் இல்லை. மறுநாள் பம்ப்படியில் அதை வாசித்துக்காட்டி, அவரே அந்த வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டினார்.

"பூவுக்கு எடம் விட்டேன், கடைக்கு எடம் விடல. சரி விடுங்க, வேற தப்புக்குப் போவோம்."

இதுதான் அவர். ஒரு காரியம் சரிப்படவில்லையென்றால் அதை மூடி மறைக்கிற பழக்கமே கிடையாது. ஊருக்கே சொல்லிச் சிரித்துவிட்டு, அன்றே அடுத்ததைத் தொடங்கிவிடுவார். ஒரே தப்பை இரண்டாம் முறை செய்ததும் இல்லை. புதிது புதிதாகத்தான் செய்வார்.

கடைக்குள்ளும் அதே வாய்தான். ஒருநாள் நான் போய் உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன். ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்து நீலப் பூப்போட்ட ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். முகத்தில் ஆசை தெரிந்தது. இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் வாங்கியிருப்பாள்.

"இது மொத தண்ணியில சாயம் போகும்ங்க" என்றார் அக்கா. "தனியாத்தான் அலசணும். அந்தப் பச்சை இருக்கே, அது கழுத்து கொஞ்சம் எறக்கமாப் போச்சு. மைமூனக்கா அன்னைக்குக் காய்ச்சலோட தச்சது."

அந்தப் பெண் நீலத்தையும் வைத்துவிட்டு, பச்சையையும் பார்த்துவிட்டு, வாரேன் என்று போனாள். வரவில்லை.

"ஏங்க்கா, சாயம் போறதை அவங்க வாங்குன பிறகு சொல்லக்கூடாதா?" என்றேன்.

"வீட்டுக்குப் போயி அலசிட்டு என்னையத் திட்டுவாள்ல புள்ள? இப்பச் சொல்லிட்டா திட்ட மாட்டா."

"வாங்கவும் மாட்டா."

"அதும் சரிதான்" என்று யோசித்தார். பிறகு சிரித்தார். நான் பக்கத்தில் இருந்ததை மறந்துவிட்டேன். தோளில் அடி விழுந்தது.

அந்தக் கடையின் முதல் நைட்டியை வாங்கியது நான்தான். ஊதாப் பூ போட்டது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கையும் அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் இறுக்கம் இல்லாமல் மூச்சு விட்டது அதிசயமாக இருந்தது. விடிந்ததும் மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு வாசற்படி தாண்டலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

பிறகு பொம்மை வந்தது. டவுனில் மூடப்போகிற ஒரு ஜவுளிக் கடையிலிருந்து ஆளுயரப் பொம்மை ஒன்றை அக்கா வாங்கிவந்தார். வெள்ளைக்காரி நிறம், தங்க நிறத்தில் தலைமுடி, ஒரு கையில் விரல்கள் இல்லை. ரோஜா நிற நைட்டியை மாட்டிக் கடை வாசலில் நிறுத்தினார். அன்று சாயங்காலமே எதிர்ப்பக்க டீக்கடையில் வியாபாரம் கூடிவிட்டது. வேலை முடிந்து வந்த ஆண்கள் எல்லாம் கையில் டம்ளரை வைத்துக்கொண்டு பொம்மையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் எந்தப் பெண் படியேறுவாள்? பொம்மையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். கூட்டம் இன்னும் அதிகமானது. திரை போட்டு மறைத்தார். கடை பூட்டியிருக்கிறது என்று நினைத்து வந்தவர்களும் போய்விட்டார்கள். கடைசியில் டீக்கடைக்காரரே வந்து, "அக்கா, பொம்மைய எடுத்துறாதீங்க, புண்ணியமாப் போகும்" என்று கேட்டுக்கொண்டாராம். அன்றே எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த நேரம் சரியில்லை. மறுநாளே சொந்த ஊரான எழுமலையிலிருந்து மாமியார் பஸ் ஏறி வந்திருக்கிறார். எழுமலை அத்தை என்று காம்பவுண்டில் நாங்கள் சொல்வது அவரைத்தான். காடு, மாடு எல்லாவற்றையும் தனியாளாகப் பார்த்துக்கொள்கிற மனுஷி. அக்கா கடைக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. மாடத்தில் இருந்த சாவியை எடுத்துத் திறந்து உள்ளே வந்தவர், மூலையில் ஒரு பெண் சுவரோரம் நிற்பதைப் பார்த்திருக்கிறார்.

"யாரு வீட்டுப் புள்ளத்தா நீயி?" என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, "உக்காரு தாயி, நிக்காத. ஒடம்புக்கு முடியலயா? ஆஸ்பத்திரித் துணி போட்டிருக்கியே" என்று மோர் கரைத்துக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார். வாங்குவதற்கு விரல் இல்லாததைப் பார்த்த பிறகுதான் அலறியிருக்கிறார். நாங்கள் ஓடிப்போனபோது அத்தை வாசலில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். மோர் சுவரெல்லாம் தெறித்திருந்தது.

கோபம் இறங்கவில்லை அவருக்கு. சாயங்காலம் மகனும் மருமகளும் வந்ததும், "எங்க குடும்பத்துல யாரும் இந்த மாதிரி யாவாரம் பண்ணதில்ல. தை பொறக்கட்டும். பொங்கல் முடிஞ்சதும் கடையைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் ஊருக்கு வந்து சேருங்க. கடலை போட ஆள் இல்லாம நான் அங்க அல்லாடுறேன்" என்றார். மகனைப் பார்த்து, "என்னடா?" என்றார். ஃபிட்டர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா, "அதுக்குள்ள யாவாரம் சூடு பிடிச்சுருச்சுன்னா அத்தை?" என்று கேட்டார். "பிடிச்சாப் பாப்போம்" என்றார் அத்தை, பிடிக்காது என்று தெரிந்த குரலில்.

மறுநாள் இதையும் அக்கா பம்ப்படியில் சொன்னார். மோர் கொடுத்த இடம் வந்தபோது எல்லோரும் சிரித்தோம். கடையைப் பூட்டும் பேச்சு வந்தபோது அவர் மட்டும் சிரித்தார்.

தீபாவளிக்கு ஒரு பெரிய அட்டையில் 'பாதி விலை' என்று எழுதிக் கடை முகப்பில் தொங்கவிட்டார். கூட்டம் வந்தது. வந்த பெண்கள் எல்லாம் துணியை உள்பக்கம் வெளிப்பக்கம் புரட்டி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். அவனியாபுரத்து அம்மாள் ஒருவர் ஒரு நைட்டியை அரைமணி நேரம் சோதித்துவிட்டு அக்காவிடம் கெஞ்சும் குரலில் கேட்டார்.

"ஓட்டை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிருங்க. நான் வாங்கிக்கிறேன்."

"ஓட்டையே இல்லம்மா."

"இல்லாமயா பாதி விலைக்குத் தருவீங்க? சொல்லுங்க, ஒட்டுப் போட்டுக்கிறேன்."

அக்கா எவ்வளவோ சொல்லியும் அந்த அம்மாள் நம்பவில்லை. சந்தேகத்தோடு வாங்குவதற்கு மனம் வராமல் போய்விட்டார். தீபாவளி முடிந்தபோது கடையில் அலமாரி நிரம்பியிருந்தது. மைமூன் அக்கா வீட்டிலும் தைத்தது கட்டுக் கட்டாகக் கிடந்தது. புதிதாக வாங்கிய மிஷினைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த வாரம் அக்கா பம்ப்படியில் கதை எதுவும் சொல்லவில்லை. "என்னக்கா, இன்னைக்குத் தப்பு ஒண்ணும் இல்லையா?" என்று யாரோ கேட்டதற்கு, "தீந்து போச்சும்மா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மார்கழி பிறக்கும் சமயம் ஒருநாள் மத்தியானம் மைமூன் அக்கா வந்தார். வெள்ளைத் துப்பட்டியைத் தலையிலிருந்து கால்வரை போர்த்தியபடி பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்குள் வந்து அமர்ந்தார். எனக்கு அன்று விடுமுறை, அக்காவுக்குத் துணையாக இருந்தேன். மிஷினை விற்றுவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று மூன்று பேருக்கும் தெரியும். மைமூன் அக்கா அலமாரியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி அலமாரியைப் பார்த்தார்.

"ஏன்டி, நீ ஏன் இதைப் போடல?"

"நானா?"

"நீதான். இம்புட்டு நாளும் நூல் சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு உக்காந்திருக்க. நீ போடாததை அடுத்தவ எப்படிப் போடுவா?"

மைமூன் அக்கா எழுந்து கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் துப்பட்டியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். உள்ளே பழுப்பு நிறத்தில் மஞ்சள் பூ போட்ட நைட்டி.

"தச்ச நாள்லருந்து நான் இதுலதான் இருக்கேன். மிஷின் மிதிக்க இதைப் போல சொகம் ஒண்ணுமில்ல. மேல இதைப் போத்திக்கிட்டா யாருக்கு என்ன தெரியப்போகுது? பஸ்ல எடம் விட்டு எந்திரிச்சாங்க, நானும் உக்காந்து வந்தேன்."

அக்கா அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடங்கிக் குனிந்து சிரிக்க ஆரம்பித்தார். மைமூன் அக்காவும் சிரித்தார். "அடியே, ஊரெல்லாம் கத்துனேன். பொம்மைக்கு மாட்டுனேன். எனக்கு மாட்டிக்கிடணும்னு தோணலயே" என்று சொல்லி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது முழுக்கச் சிரித்ததால் வந்த கண்ணீர் இல்லை.

இரண்டு நாள் கழித்து மார்கழி விடியற்காலை. வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பம்ப்படியில் வழக்கமான கூட்டம். நல்ல பனி. அக்கா வீட்டுக் கதவு திறந்தது. கரும்பச்சையில் வெள்ளைப் புள்ளி வைத்த நைட்டி, தோளில் முன்புறம் மறைத்துப் போட்ட பெரிய துண்டு, இரண்டு கையிலும் குடம்.

பம்ப் அடித்துக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். கோலம் போட்டவர்கள் நிமிர்ந்தார்கள். வீட்டு வாசலிலிருந்து பம்ப்படிக்குக் கூப்பிடு தூரம்கூட இல்லை. அதை நடந்து கடக்க அக்காவுக்கு எவ்வளவோ நேரம் ஆனதுபோல இருந்தது. தன் தப்பை ஊருக்குச் சொல்லிச் சிரிக்கிற மனுஷியின் முகத்தில் அன்று சிரிப்பு இல்லை.

வந்தார், குடத்தை வைத்தார், அடித்தார். சேலையைத் தூக்கிச் செருகவில்லை, நனைந்த கரையைப் பிழியவில்லை. குடம் நிறைந்ததும் ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் எடுத்துக்கொண்டு வேகவேகமாக நடந்து போனார். மறுபடி வந்தார். அப்போது கடைசி வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வள்ளிதான் முதலில் வாய் திறந்தாள். எட்டு மாதம் அவளுக்கு.

"அக்கா, வயித்துல பிடிக்காதா?"

"எங்கிட்டும் பிடிக்காது."

"குனிஞ்சு நிமிந்தா?"

அக்கா குனிந்து நிமிர்ந்து காட்டினார். இன்னொருத்தி பின்னால் வந்து துணியைத் தொட்டுப் பார்த்தாள். "சாவி, சில்லறை வைக்க எடமிருக்கா?" என்று ஒரு குரல் கேட்டது. அக்கா இடுப்புப் பக்கமிருந்த பைக்குள் கையை விட்டு வீட்டுச் சாவியை எடுத்துக் காட்டினார். பெண்கள் மத்தியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சேலையில் அப்படி ஒரு வசதி எங்களில் யாருக்கும் வாய்த்ததில்லை.

நான் வீட்டுக்குள் போனேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து ஊதாப் பூவை எடுத்து மாட்டினேன். துண்டைப் போட்டுக்கொண்டு குடத்தோடு வெளியே வந்தேன். என்னைப் பார்த்ததும்தான் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

அன்று சாயங்காலம் ஐந்தாம் வீட்டுப் பெரியவர் ஃபிட்டர் அண்ணனை வழிமறித்தார். "தம்பி, பொம்பளைங்க வாசலுக்கு இப்படி வரலாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ஃபிட்டர் அண்ணன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். அவர் முழுதாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"சித்தப்பா, நீங்க இடுப்புல ஒரு கைலிய மட்டும் கட்டிக்கிட்டு, மேல ஒண்ணும் இல்லாமத்தான் நிக்கிறீங்க. அவ கழுத்துலருந்து காலு வரைக்கும் மூடியிருக்கா. மேல துண்டு வேற."

பெரியவர் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து அவர் வெளியே வரும்போதெல்லாம் பனியன் போட்டிருந்தார்.

வள்ளிதான் முதலில் கடைக்குப் போனாள். குழந்தை பிறந்த பிறகும் உதவுகிற மாதிரி முன்பக்கம் திறப்பு வைத்துக் கேட்டாள். மைமூன் அக்கா ஜிப் வைத்துத் தைத்துக் கொடுத்தார். பிறகு இரண்டு பேராக, நான்கு பேராகப் போனார்கள். மைக் செட்டும் இல்லை, நோட்டீஸும் இல்லை. ஒரு தெருவின் பம்ப்படியில் பார்த்தவள் அடுத்த தெருவின் பம்ப்படியில் சொன்னாள். மார்கழி முடிவதற்குள் வில்லாபுரத்தில் கோலம் போடுகிற பெண்களில் பாதிப்பேர் தோளில் துண்டோடு இருந்தார்கள். காஜிமார் தெருச் சந்தில் இரண்டு மிஷினும் ஓடின.

பொங்கல் முடிந்து எழுமலை அத்தை ஒரு மூட்டை கடலையோடு வந்து இறங்கினார், மகனையும் மருமகளையும் கையோடு கூட்டிப்போக. நேராகக் கடைக்கே போய்விட்டார். நான் டூட்டிக்குக் கிளம்பும்போது அவர் கடைக்குள் ஸ்டூலில் இறுக்கமான முகத்தோடு உட்கார்ந்திருந்தார். கூட்டம் நெருக்கியதால் எழுந்து வரவும் அவருக்கு வழி இல்லை.

அன்று மாலை நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அக்கா கடைக்கு வெளியே, ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். தோள் துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து ஓடினேன். கிட்டப் போன பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கடைக்குள் எழுமலை அத்தையின் குரல் கேட்டது.

"எனக்கு இதெல்லாம் பிடிக்காதுத்தா. நான் போடவும் மாட்டேன். ஆனா எம் மருமக இதைப் போட்டுக்கிட்டு ரெண்டு குடம் தண்ணியத் தூக்கிட்டு ஓடுறா, ஊரே பாக்குது. வேணும்னா எடு, வேணாம்னா வழிய விடு, பின்னால ஆளு நிக்குது."

அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். பின்னால் நின்றவளும் எடுத்துக்கொண்டாள். நீலப் பூவா, பச்சையா என்று யாரோ கேட்டதற்கு, "ரெண்டும் துணிதான். உனக்கு எது மனசுல பட்டுச்சோ அதைத் தூக்கு" என்றார்.

"நீங்க ஏங்க்கா வெளிய நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "மத்தியானம் ஒருத்திகிட்ட அந்தக் கழுத்துத் தையல் கொஞ்சம் கோணல்னு சொல்லிட்டேன் புள்ள. அத்தை கையப் பிடிச்சு வெளிய கொண்டாந்து விட்டுட்டாங்க. நான் உள்ள இருந்தா யாவாரம் கெட்டுப் போகுமாம். கூப்பிடுறப்ப வந்தாப் போதும்னுட்டாங்க."

"ஊருக்கு எப்பப் போறாங்களாம்?"

"கேட்டேன். கடையப் போட்டுட்டு எங்கிட்டுடி போறதுங்கிறாங்க" என்றார் அக்கா. பிறகு என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.